சூட்டில் விழிக்கும் பிசின்

மேசை இழுப்பறையில் வருடக்கணக்காகக் கிடக்கும் ஒரு செப்புக் கம்பித் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பளபளப்பு போய்ப் பழுப்பேறியிருக்க வேண்டும். சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, உள்ளே பசை ஏதுமில்லாத வெறும் பற்றுக் கம்பியை அதன்மேல் உருக்குங்கள். பழுதுபார்க்கும் கடைகளில் இந்தக் கம்பிக்கு ‘லெட்’ என்று பெயர். பெயர்தான் ஈயம், உள்ளே ஈயத்தைவிட வெள்ளீயமே அதிகம். உருகிய உலோகம் செம்பில் ஒட்டாது. தாமரை இலைத் தண்ணீர்போல் திரண்டு உருளும். அயர்ன் முனையோடு போய்விடும், அல்லது மேசையில் விழுந்து சிறு குண்டாக உறையும். விடாமல் சூடேற்றினால் செம்பு இன்னும் கறுக்கும், ஒட்டுவது இன்னும் கடினமாகும்.

இப்போது ரோசின் என்னும் பிசினில் மிளகளவுத் துண்டு ஒன்றை அதே கம்பியின்மேல் வைத்து, அயர்னால் தொடுங்கள். கற்கண்டுபோல் நொறுங்கக்கூடிய அந்தப் பழுப்புக் கட்டி தேனாக இளகும். மெல்லிய வெண்புகை எழும், பைன் மரத்தின் வாசம் வரும். பிசின் படர்ந்த இடத்தில் செம்பு, புளி போட்டுத் துலக்கிய குடம்போலத் தன் நிறத்துக்குத் திரும்பும். அதன் பின்னாலேயே உருகிய லெட் ஓடிவந்து கம்பியை முழுவதும் சுற்றிக்கொள்ளும். எல்லாம் சேர்த்து இரண்டு நொடிதான்.

கைபேசி, தொலைக்காட்சி, மின்விசிறி ரெகுலேட்டர் என்று மின்னணுப் பொருள் எதைத் திறந்தாலும், உள்ளே பற்றவைத்திருக்கும் ஒவ்வொரு இணைப்பும் இந்த இரண்டு நொடியையோ அதன் தொழிற்சாலை வடிவத்தையோ கடந்து வந்ததுதான். அந்த நேரத்தில் பிசின் என்ன செய்கிறது என்பது பாதிக் கதை. வேலை முடிந்த பிறகு அது எப்படிச் சும்மா இருக்கிறது என்பது மீதிக் கதை. என் பார்வையில் பின்பாதிதான் பெரிய அதிசயம்.

ஒட்ட விடாத தோல்

காற்றுபட்ட செம்பின்மேல் எப்போதும் ஆக்ஸைடு படலம் இருக்கும். புதிதாகச் சுரண்டிய செம்பிலும் சில நானோமீட்டர் தடிமனில் அது உடனே உருவாகிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தோல், உருகிய உலோகத்தைச் செம்பிடம் நெருங்க விடுவதில்லை.

நெருங்குவது ஏன் முக்கியம்? பற்றவைப்பது என்பது கோந்து போட்டு ஒட்டுவதைப் போன்ற வேலையில்லை. உருகிய வெள்ளீயம் செம்பைத் தொட்டதும் இரண்டும் வேதிவினை புரிகின்றன. ஆறு செப்பு அணுக்களுக்கு ஐந்து வெள்ளீய அணுக்கள் என்ற கணக்கில் ஒரு புதிய சேர்மம், மைக்ரோமீட்டர் அளவுத் தடிமனில், இரண்டுக்கும் நடுவே வளர்கிறது. அந்தப் படலம் உருவானால்தான் பற்று. உருவாகாவிட்டால் லெட் செம்பின்மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். ஒரு தட்டு தட்டினால் விலகிவிடும்.

தடை இன்னொன்றும் உண்டு. உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை மிக அதிகம். தண்ணீரைப்போல் ஐந்தாறு மடங்கு. அதனால் அது எப்போதும் தன்னைச் சுருக்கி உருண்டையாகவே பார்க்கும். சுத்தமான செம்பு தன் பக்கம் இழுத்தால்தான் உருண்டை தட்டையாகி, ஓரம் மெல்லிய சரிவாகப் படியும். பழகிய கண்கள் பற்றின் ஓரத்தைப் பார்த்தே நல்லது கெட்டதைச் சொல்லிவிடும். உள்பக்கம் குழிந்த சரிவாக இறங்கினால் நல்ல பற்று. உருண்டையாக மடங்கி நின்றால், செம்பு அதை ஏற்கவில்லை.

ஆகவே பற்றவைக்கும் இடத்தில் ஒருவர் மூன்று வேலை செய்தாக வேண்டும். இருக்கும் ஆக்ஸைடைக் கரைக்க வேண்டும். சூட்டில் புதிய ஆக்ஸைடு வராமல் காற்றை மறைக்க வேண்டும். உருகிய உலோகம் எளிதாகப் படர உதவ வேண்டும். இந்த மூன்றையும் செய்யும் பொருளுக்குப் பள்ளிப் பாடப்புத்தகம் ‘இளக்கி’ என்று பெயர் தந்திருக்கிறது. பட்டறையில் ஃப்ளக்ஸ்.

நவச்சாரமும் வெங்காரமும்

மின்னணுவியல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே நம் ஊர்களில் ஃப்ளக்ஸ் புழங்கியது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரை நினைவிருப்பவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். குழி அடுப்பு, துருத்தி, சிவக்கச் சிவக்கக் கரி. பாத்திரம் நன்றாகச் சுட்டதும் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியை உள்ளே தூவுவார். குபீரென்று வெண்புகை கிளம்பும், மூக்கில் சுருக்கென்று ஏறும். வெள்ளீயத் துண்டைத் தேய்த்து, பஞ்சால் ஒரு சுழற்று சுழற்றுவார். உள்பக்கம் முழுவதும் நிலா வெளிச்சமாகிவிடும்.

அந்தப் பொடி நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பின்னது கடுமையான அமில வாயு. பித்தளையின் மேலிருக்கும் ஆக்ஸைடை ஒரு நொடியில் தின்றுவிடும். மேலே கிளம்பிய இரண்டு வாயுக்களும் குளிர்ந்து மறுபடி சேர்வதால்தான் அந்த வெண்புகை.

பொற்கொல்லரின் பட்டறையில் அதே வேலைக்கு வெங்காரம். நகையின் இணைப்பில் பற்றாசு வைத்து, வெங்காரம் தடவி, ஊதுகுழலால் தீயைக் குவிக்கிறார். ஏறத்தாழ 740 டிகிரி செல்சியஸில் வெங்காரம் உருகிக் கண்ணாடிக் குழம்பாகி, உலோக ஆக்ஸைடுகளைத் தனக்குள் கரைத்துக்கொள்கிறது. மின்சுற்றுப் பலகை அந்தச் சூட்டில் கரியாகிவிடும் என்பதால் வெங்காரத்துக்கு அங்கே இடமில்லை.

நவச்சாரத்துக்கு அந்தத் தடை இல்லை. அதன் உறவினரான துத்தநாகக் குளோரைடும் பற்றுச் சூட்டிலேயே வேலை செய்யும், ரோசினைவிடப் பல மடங்கு வேகமாக. தகர வேலை செய்பவர்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அப்படியானால் பலகையில் ஏன் கூடாது? இதற்கான பதிலை நான் படித்துக் கற்கவில்லை. ஒரு வானொலியை இழந்து கற்றேன்.

ஒரு மழைக்காலம்

கல்லூரியில் சேர்ந்த புதிதில் சின்ன டிரான்சிஸ்டர் வானொலி ஒன்றைச் செய்யத் தொடங்கினேன். ரோசின் கைவசம் இல்லை. தகர வேலைக்கு விற்கும் பசை ஒரு டப்பா கிடைத்தது. பற்று அற்புதமாக விழுந்தது. பழைய பாகங்களின் கறுத்த கால்களில்கூட லெட் வழுக்கிக்கொண்டு ஓடியது. வானொலி பாடியது. ஐப்பசி மழை பிடித்தபோது கரகரப்பு ஆரம்பித்தது. கார்த்திகையில் ஒரு நாள் அடியோடு நின்றுபோனது.

பலகையைத் திருப்பிப் பார்த்தேன். பற்றுகளைச் சுற்றி வெண்மையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. செப்புத் தடங்கள் இரண்டு இடங்களில் கறையான் அரித்த ஓலைபோல் காணாமல் போயிருந்தன. மின்தடையம் ஒன்றின் கால் தொட்டதும் ஒடிந்து கையோடு வந்தது.

நடந்தது இதுதான். துத்தநாகக் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்தில் கரைந்த குளோரைடு செம்பையும் ஈயத்தையும் அரிக்கும். அரிப்பதால் அது தீர்ந்தும் போவதில்லை. ஈய ஆக்ஸைடோடு வினைபுரிந்து ஈயக் குளோரைடாகிறது. அதைக் காற்றின் கார்பன் டை ஆக்ஸைடும் ஈரமும் ஈயக் கார்பனேட்டாக மாற்ற, ஹைட்ரோகுளோரிக் அமிலம் திரும்ப வெளிவருகிறது. அந்த அமிலம் மறுபடி அரிக்கப் போகிறது. கடன்பத்திரத்தில் வட்டி மட்டும் கட்டி, அசல் அப்படியே நிற்பதைப்போல, துளி குளோரைடு பலகை முழுவதையும் தின்னும் வரை நிற்கும்.

ஈயம் பூசியவர் பாத்திரத்தைத் துடைத்துக் கழுவித் தந்தார். மின்சுற்றில் அது முடியாது. பாகங்களின் அடியிலும் துளைகளுக்குள்ளும் புகுந்த உப்பைத் தண்ணீரால் முழுவதும் வெளியேற்றுவது கடினம். மேலும், பலகையில் மின்னழுத்தம் இருக்கிறது. ஈரத்தில் கரைந்த உப்பும் மின்னழுத்தமும் சேர்ந்தால், நேர்முனையில் உலோகம் கரைந்து எதிர்முனையில் படியத் தொடங்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் பெரணி இலைபோல் கிளைவிட்டு அது அடுத்த தடத்தை நோக்கி வளர்வது தெரியும். தொட்ட கணத்தில் குறுக்குச்சுற்று.

ஆக, மின்சுற்றுப் பலகை கேட்கும் ஃப்ளக்ஸ் விசித்திரமானது. 200 டிகிரியில் அமிலமாக இருக்க வேண்டும், 30 டிகிரியில் இருக்கக் கூடாது. சூட்டில் கரைக்க வேண்டும், ஆறியதும் தண்ணீரோடும் மின்சாரத்தோடும் உறவே வைத்துக்கொள்ளக் கூடாது. இப்படி ஒரு பொருளைச் செய்து கொடு என்று வேதியியலாளரைக் கேட்டால் திகைப்பார். பைன் மரம் அதை முன்பே செய்து வைத்திருந்தது.

மரத்தின் காயம்

கொடைக்கானல் பைன் காட்டுக்குப் போனவர்கள் மரத்தில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு, பிறகு சட்டையில் ஒட்டிய பிசினோடு திரும்பியிருப்பார்கள். பட்டையில் காயம்பட்டால் மரம் அந்தப் பிசினைச் சுரந்து மூடுகிறது. துளையிட வரும் வண்டு அதில் சிக்குகிறது. பூஞ்சை உள்ளே நுழைய முடிவதில்லை. நாளாக ஆக, எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய், மீதி கட்டியாக இறுகிக் காயத்தின்மேல் தழும்பாகிறது.

இந்தியாவில் ரோசினுக்காகக் கீறப்படுவது இமயமலைச் சரிவுகளில் வளரும் சீர் பைன். உத்தராகண்ட் மலைவாசிகள் அதன் பிசினை ‘லீசா’ என்பார்கள். பட்டையைச் செதுக்கி, மரத்தில் வரிவரியாகக் கீறல் போட்டு, கீழே கலயம் பொருத்துகிறார்கள். கோடையில் பால்போல் வெளுத்து, கெட்டியாக, சொட்டுச் சொட்டாக அது இறங்கும். பிசினை ஆலையில் நீராவியால் வடிக்கும்போது டர்பன்டைன் ஆவியாகிப் பிரிந்துவிடுகிறது. அடியில் மிஞ்சும் பழுப்புக் கண்ணாடிதான் ரோசின். எடையில் பெரும்பங்கு இதுவே. இமாச்சலப் பிரதேசத்தின் நாஹனிலும் பிலாஸ்பூரிலும் அரசு வனத்துறைக் கழகமே இதற்கான ஆலைகளை நடத்தி வந்திருக்கிறது. உலகச் சந்தையில் சீனா, பிரேசில், இந்தோனேசியா ஆகியவை பெரிய உற்பத்தியாளர்கள்.

ரோசினுக்குக் கொலோஃபோனி என்று பழைய பெயர் ஒன்று உண்டு. இன்றைய துருக்கியின் இஸ்மிர் அருகே இருந்த கொலோஃபோன் என்ற பழங்கால கிரேக்க நகரின் பெயர் அது. மரக்கப்பல்களின் காலத்தில் பைன் பிசினும் தாரும் இல்லாமல் எந்தக் கடற்படையும் இயங்கவில்லை. இன்றும் வயலின் வித்வான் கச்சேரிக்கு முன் வில்லின் மயிரில் தேய்க்கும் கட்டி இதே ரோசின்தான். அது இல்லாவிட்டால் வில் தந்தியில் வழுக்கும், நாதம் பிறக்காது. சென்னை ரிச்சி தெருவில் சிறு டப்பாவில் வாங்கும் ஃப்ளக்ஸும், வயலின் பெட்டியின் மூலையில் துணி சுற்றிக் கிடக்கும் கட்டியும் ஒரே குடும்பம்.

உறங்கும் அமிலம்

ரோசினில் ஏறத்தாழ 90 சதவீதம் பிசின் அமிலங்கள். அவற்றில் முக்கியமானது அபியெட்டிக் அமிலம். 20 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்ஸிஜன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு. மூன்று வளையங்கள் ஒட்டிய பெரிய உடம்பு, அதன் ஓரத்தில் ஒரே ஒரு சிறிய அமிலத் தொகுதி. இந்த உருவத்தில்தான் எல்லா ரகசியமும் இருக்கிறது.

பெரிய உடம்பு எண்ணெய்த்தன்மை உடையது. தண்ணீரைச் சேர்க்காது. அறைவெப்பத்தில் ரோசின் உறைந்த கண்ணாடி. அமிலத் தொகுதிகள் அதற்குள் அசைய இடமின்றிச் சிறைப்பட்டிருக்கின்றன. தண்ணீரில் கரையாததால் அவை அயனிகளாகப் பிரிவதில்லை. அயனி இல்லையென்றால் அரிப்பும் இல்லை, மின்கசிவும் இல்லை. அதனால் குளிர்ந்த ரோசின் நல்ல மின்காப்பு.

70, 80 டிகிரியைத் தாண்டும்போது கண்ணாடி இளகுகிறது. மேலும் சூடேற, தண்ணீர்போல் ஓடுகிறது. இப்போது மூலக்கூறுகள் தாராளமாக நகர்ந்து செம்பின் தோலை அடைகின்றன. இரண்டு அபியெட்டிக் அமில மூலக்கூறுகள் ஒரு செப்பு ஆக்ஸைடு அலகைப் பிடித்து, செப்பு அபியெட்டேட்டாக மாற்றுகின்றன. வெளிவரும் தண்ணீர் ஆவியாகிறது. பற்றவைக்கும்போது கேட்கும் சிறு சடசடப்பில் இதற்கும் பங்குண்டு. செப்பு அபியெட்டேட் உருகிய பிசினிலேயே கரைந்து விலக, சுத்தமான செம்பு வெளிப்படுகிறது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த லெட் 183 டிகிரியில் உருகும். அது உருகி வந்து சேர்வதற்கு முன்பே பிசின் பாதையைத் துலக்கி வைத்துவிடுகிறது.

செப்பு அபியெட்டேட்டின் நிறம் பச்சை. பழைய பலகையில் பற்றின் ஓரம் பிசினுக்குள் இளம்பச்சை தெரிந்தால் பலர் அரிப்பு என்று பதறுகிறார்கள். பிசினுக்குள் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் பச்சை ஆபத்தில்லாதது. பொடிப்பொடியாக உதிரும் பச்சைதான் என் வானொலியைக் கொன்றது.

சூடு தணிந்ததும் பிசின் மறுபடி கண்ணாடியாக உறைகிறது. செலவாகாத அமிலமும் வினையின் மிச்சமும் அதற்குள் பூட்டப்படுகின்றன. மரத்தின் காயத்தை மூடியதைப்போலவே உலோகத்தின் இணைப்பையும் மூடி நிற்கிறது.

இந்தச் சாதுத்தன்மைக்கு விலை உண்டு. வெறும் ரோசின் வலுவில்லாதது. மெல்லிய ஆக்ஸைடைக் கரைக்கும், தடித்துக் கறுத்த செம்பில் தடுமாறும். நிக்கலில் திணறும். அலுமினியத்தின் ஆக்ஸைடை அதனால் அசைக்கவே முடியாது. ஆகவே தயாரிப்பாளர்கள் ஊக்கிகளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். சூட்டில் பிரிந்து அமிலம் தரும் அமீன் உப்புகளும் சிறிய கரிம அமிலங்களும் அவற்றில் முக்கியமானவை. ஊக்கியே இல்லாதது ‘ஆர்’ வகை, மிதமாக ஊக்கியது ‘ஆர்எம்ஏ’, முழுதாக ஊக்கியது ‘ஆர்ஏ’ என்பது பழைய வகைப்பாடு. டப்பாக்களின்மேல் இந்த எழுத்துகளை இன்றும் பார்க்கலாம்.

ஊக்கியின் அளவு எல்லை மீறிவிட்டதா என்று எப்படி அறிவது? இதற்கென்றே அழகான சோதனை ஒன்று உண்டு. கண்ணாடித் தகட்டில் 50 நானோமீட்டர் தடிமனுக்குச் செம்பு படியவைக்கிறார்கள். அது ஒரு செப்புக் கண்ணாடி, முகம் தெரியும். அதன்மேல் ஃப்ளக்ஸ் ஒரு துளி விட்டு, 24 மணி நேரம் சும்மா வைக்கிறார்கள். சூடேற்றுவதில்லை. பிறகு கழுவி, வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்க்கிறார்கள். செம்பு அப்படியே இருந்தால் சாதுவான வகை. துளி விழுந்த இடத்தில் செம்பு கரைந்து தாளின் வெண்மை எட்டிப் பார்த்தால், அந்த ஃப்ளக்ஸ் குளிரிலும் சும்மா இருக்கத் தெரியாதது. பெரும்பரப்பு கரைந்துவிட்டால் கடுமையான வகை. இன்னொரு சோதனையில், ஃப்ளக்ஸ் மிச்சம் உள்ள பலகையை வெப்பமும் ஈரமும் மிகுந்த அறையில் நாள்கணக்கில் வைத்து, மின்காப்பு நிலைக்கிறதா என்று அளக்கிறார்கள். சென்னையின் ஆகஸ்ட் மாதத்தைவிடக் கொடுமையான அறை அது.

கவனியுங்கள், இந்தச் சோதனைகள் ஃப்ளக்ஸ் எவ்வளவு செய்கிறது என்று கேட்பதில்லை. தேவையில்லாத நேரத்தில் எதுவும் செய்யாமல் இருக்கிறதா என்றே கேட்கின்றன.

அயர்ன் முனையில்

இன்று பெரும்பாலோர் ரோசினைத் தனியாக எடுப்பதில்லை. லெட் கம்பிக்குள்ளேயே, பென்சிலுக்குள் கரிபோல், அது நடுவில் ஓடுகிறது. எடையில் 2 சதவீதம்தான் என்று உறையில் போட்டிருக்கும். ஆனால் பிசின் உலோகத்தைவிட எட்டு மடங்கு லேசானது என்பதால், கொள்ளளவில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அதுவே.

புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. லெட்டை அயர்ன் முனையில் உருக்கி, கரண்டியில் எண்ணெய் எடுத்துப்போவதுபோல் இணைப்புக்குக் கொண்டுபோவார்கள். முனையின் சூடு 350 டிகிரி. அங்கே உருகிய கணமே பிசின் புகையாகத் தொடங்குகிறது. இணைப்பைத் தொடும்போது வேலை செய்ய வேண்டியவர் கிளம்பிப் போயிருப்பார். அப்படி விழும் பற்று மங்கலாக, திப்பிதிப்பியாக நிற்கும். சில மாதங்களில் உள்ளே விரிசல்விட்டு, தட்டினால் ஓடும், விட்டால் நிற்கும். கடைகளில் ‘டிரை சால்டர்’ என்று சொல்வதில் பெரும்பங்கு இப்படிப் பிறந்ததே.

சரியான வரிசை வேறு. முனையைச் செப்புத் திட்டிலும் பாகத்தின் காலிலும் ஒரே நேரத்தில் படும்படி வையுங்கள். ஒரு நொடி பொறுங்கள். பிறகு லெட்டை முனைக்கு எதிர்ப்பக்கம், இணைப்பின்மேல் தொடுங்கள். முதலில் பிசின் கசிந்து ஓடுவதைப் பார்க்கலாம், அதன் காலடியிலேயே உலோகம் வரும். லெட்டை எடுங்கள், பிறகு அயர்னை எடுங்கள். உறையும்வரை எதையும் அசைக்காதீர்கள். பாகத்தின் கால் கறுத்திருந்தால் முதலில் பிளேடால் சுரண்டிவிடுங்கள். கடுமையான ஃப்ளக்ஸைத் தேடிப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

எழும் புகையைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. அது ஈயப் புகை என்று பலர் நம்புகிறார்கள். ஈயம் கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அயர்ன் சூட்டில் அது ஆவியாவது மிக மிகக் குறைவு. ஈயத்தின் ஆபத்து கை வழியாக வாய்க்குப் போவதில் இருக்கிறது, ஆகவே வேலை முடிந்து கைகழுவாமல் சாப்பிடக் கூடாது. புகை பிசினுடையது. மணமாக இருப்பதால் அதற்கு யாரும் பயப்படுவதில்லை. ஆனால் ரோசின் புகை ஆஸ்துமாவை வரவழைக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த மருத்துவ உண்மை. நாள்தோறும் சுவாசிக்கும் சிலருக்கு உடல் அதன்மேல் ஒவ்வாமை கொண்டுவிடுகிறது. பிறகு துளிப் புகைகூட மூச்சைத் திணறடிக்கும், அந்தத் தொழிலையே விட வேண்டிவரும். பிரிட்டனில் எட்டு மணி நேர வேலைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். சின்னஞ்சிறு கடைகளில் மேசைமேல் குனிந்து, நாள் முழுவதும் அந்தப் புகைக்கு நேரே மூக்கை வைத்து வேலை செய்யும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. பழைய கணினி விசிறி ஒன்றைப் புகையை முகத்திலிருந்து விலக்கி ஜன்னல் பக்கம் இழுக்கும்படி வைத்தாலே நிலைமை வெகுவாக மாறும்.

கழுவப் போய் வந்த வினை

ஆறிய ரோசின் சாதுவானது என்றால் அதைக் கழுவுவானேன்? ஊக்கி சேர்த்த வகைகளில் சிறிது உப்பு மிஞ்சும். பலகை 70 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்தில் இருந்தால் பிசின் இளகி அந்த உப்புகள் நகரத் தொடங்கும். ராணுவமும் விண்வெளித் துறையும் இந்த அபாயத்தை ஏற்கத் தயாராக இல்லை. கழுவியே ஆக வேண்டும் என்றார்கள்.

தண்ணீரில் ரோசின் கரையாது. அதைக் கரைக்கும், ஆனால் தீப்பிடிக்காத, நெகிழியைக் கெடுக்காத, நொடியில் உலரும் திரவமாகக் கிடைத்தது சிஎஃப்சி-113. பலகைகளை அதில் முக்கி எடுத்தார்கள், உலகெங்கும் பல்லாயிரம் டன் அளவில். உலர்ந்த திரவம் காற்றோடு கலந்தது. 1974-இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் இந்தக் குடும்பத்துச் சேர்மங்கள் வளிமண்டலத்தின் மேலடுக்குக்குப் போய் ஓசோனை அழிக்கும் என்று காட்டினார்கள். 1985-இல் ஜோசப் ஃபார்மனும் சகாக்களும் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் மெலிந்திருப்பதைக் கண்டு சொன்னார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று இந்தச் சேர்மங்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

கழுவ வேறு திரவம் தேடினார்கள். ஆரஞ்சுத் தோலிலிருந்து கிடைக்கும் எண்ணெய்ப் பொருள்கள் பிசினை நன்றாகக் கரைப்பது தெரியவந்தது. எலுமிச்சையிலிருக்கும் சிட்ரிக் அமிலத்தை வைத்து, தண்ணீரிலேயே கழுவக்கூடிய ஃப்ளக்ஸும் வந்தது. இவற்றைவிடப் பெரிய மாற்றம் ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கழுவ வேண்டாத அளவுக்குக் குறைவாக ஏன் ஃப்ளக்ஸ் போடக் கூடாது? அப்படிப் பிறந்ததுதான் இன்று உலகை ஆளும் ‘நோ-கிளீன்’ வகை. ஊக்கியைக் குறைத்தார்கள், பிசினைக் குறைத்தார்கள், மிச்சம் பலகையிலேயே தங்கட்டும் என்று விட்டார்கள். மேலடுக்குக்கு வந்த கேட்டைத் தணித்ததில் பிசினின் பழைய குணத்துக்கும், அது ஆறினால் அடங்கும் என்ற நம்பிக்கைக்கும் பங்கிருக்கிறது.

இதில் பழுதுபார்ப்பவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து அரைகுறையாகத் துடைப்பது, துடைக்காமல் விடுவதைவிடக் கெடுதல். பூட்டியிருந்த பிசின் போய், உள்ளே இருந்த உப்பு மட்டும் வெள்ளைப் படலமாக வெளியே நிற்கும். கழுவினால் முழுதாகக் கழுவ வேண்டும், இல்லையென்றால் தொடாமல் விட வேண்டும்.

2006 ஜூலை 1 முதல் ஐரோப்பா மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியது. பரவலாகப் புழங்கும் ஈயமில்லாத லெட் ஏறத்தாழ 217 டிகிரியில்தான் உருகத் தொடங்கும். கூடுதல் சூட்டில் சாதாரண ரோசின் கருகத் தொடங்கும், ஏனென்றால் அபியெட்டிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்புகளை ஆக்ஸிஜன் தாக்குகிறது. அந்தப் பிணைப்புகளில் ஹைட்ரஜனை ஏற்றி நிரப்பினார்கள். நிறம் வெளுத்து, சூடு தாங்கும் ரோசின் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கைபேசி ஆலைகளில் பலகைமேல் அச்சிடப்படும் பற்றுப் பசை, மணல்போன்ற உலோகத் துகள்களும் ஃப்ளக்ஸும் கலந்த கலவை. கொள்ளளவில் பாதி ஃப்ளக்ஸ். பல வகைகளில் அதன் அடிப்படை இன்றும் ரோசினே. கடுகைவிடச் சிறிய பாகங்கள் அந்தப் பசையின் பிசுபிசுப்பில் ஒட்டி நின்றபடி அடுப்புக்குள் போகின்றன. எங்கோ ஒரு மலைச்சரிவில் மரம் வண்டைப் பிடிக்கச் சுரந்த பிசுபிசுப்பு அது.

அந்த வானொலிக்குப் பிறகு, அதே சுற்றை ரோசின் வைத்து இன்னொரு பலகையில் செய்தேன். பல மழைக்காலங்கள் கடந்துவிட்டன. இந்த அத்தியாயத்தை எழுதும்போது அதைப் பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டினேன். ஒவ்வொரு பற்றைச் சுற்றியும் பிசின் வளையம், விளிம்பில் மட்டும் இழைபோல் வெடித்து, கல்லாக இறுகியிருந்தது. அடியில் செப்புத் தடங்கள் முழுதாக இருந்தன. கம்பி ஒன்றை மாற்ற வேண்டியிருந்ததால் புது ஃப்ளக்ஸ் எதுவும் போடாமல் அயர்ன் முனையை ஒரு பற்றின்மேல் வைத்தேன். வளையம் தேனாக இளகியது. பைன் வாசம் எழுந்தது. லெட் பளிச்சென்று மின்னி, புதுக் கம்பியின்மேல் படர்ந்தது. அயர்னை எடுத்தேன். பிசின் மறுபடி உறைந்தது.